மாப்பிள்ளைக் குழாய்

அதிராம்பட்டினத்தில் கல்யாணம் ஆனால் பெண் வீட்டை விட்டுப் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். வந்த நாளிலிருந்து அங்கே அவருக்கு நடக்கும் உபசாரத்தை வெளியூர்க்காரர் யாராவது பார்த்தால் வயிறு எரிவார்கள். அவர் தூங்கும்போது அடுப்படியில் ஒரு தட்டு விழாது. ஆணம் என்கிற மீன் குழம்பில் உப்பு கூடிப்போயிருந்தாலும் 'நல்லா இருக்கு' என்று அவர் சொல்லிவிட்டால் போதும், வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் அதை நல்ல ஆணமாகவே சாப்பிட்டு முடிப்பார்கள். மாமியார் அவர் எதிரில் வருவதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, மகளிடம் சொல்வதுபோல் மாப்பிள்ளைக்குச் சொல்லுவார். மாப்பிள்ளையும் மனைவியிடம் சொல்வதுபோல் மாமியாருக்குப் பதில் சொல்லுவார்.

இப்படி ஒரு வீட்டில் இருக்கிற மனிதனுக்குத் தான் செய்வதெல்லாம் சரி என்ற நினைப்பு வரத்தான் செய்யும். சாதாரண மாப்பிள்ளை என்றால் மன்னித்துவிடலாம். ஷஹ்பாஸை மன்னிக்க முடியாது. அவன் படித்தவன், அதுவும் கொஞ்சநஞ்சப் படிப்பு இல்லை.

பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்ததால் ஆரம்பத்தில் தெருக்காரர்கள் அவனிடம் முழங்கால் வலியெல்லாம் சொன்னார்கள். ஹைதராபாத்தில் அவன் ஆராய்ந்தது பிளாஸ்டிக்கை. பிளாஸ்டிக்கை உருக்கி ஆறவிட்டால் அதிலுள்ள நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் மடிந்து மடிந்து அடுக்காகிப் படிகமாகின்றன. பாலிபியூட்டீன் என்று ஒரு பிளாஸ்டிக் உண்டு. அதில் முதலில் அமைகிற படிகம் இளக்கமானது. பிறகு யாரும் தொடாமல் சும்மா கிடக்கும்போதே உள்ளே அடுக்கு மாறி, இன்னும் நெருக்கமான வேறொரு படிகமாகிறது. அந்த இரண்டாவதுதான் கெட்டி, காலத்துக்கும் நிற்பது. உருகாமல் கரையாமல், திடப்பொருள் திடமாக இருந்துகொண்டே இன்னொன்றாகிற இதை நிலைமாற்றம் என்கிறார்கள். அதற்கு வாரக்கணக்கில் பிடிக்கும். அதுவரை அந்தப் பிளாஸ்டிக்கில் செய்த குழாயைப் பொருத்தக்கூடாது. ஷஹ்பாஸ் அந்தக் காத்திருப்பை ஒழித்தான். புதுக் குழாயைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து அழுத்தம் கொடுத்தால் ஒரே மத்தியானத்தில் மாற்றம் முடிந்துவிடுகிறது என்று காட்டினான். சமன்பாடுகள் பொருந்தி வந்தன. தேர்வாளர்கள் எழுந்து நின்று கை கொடுத்தார்கள்.

பிறகு வளைகுடாவில், ஜுபைலில் ஒரு பிளாஸ்டிக் ஆலையில் வேலை. அங்கே அவனுடைய கோட்பாட்டைக் கேட்க ஆளில்லை, ஷிஃப்ட் பார்க்கத்தான் ஆள் வேண்டியிருந்தது. இங்கே லைசென்ஸ் கெடுபிடியெல்லாம் தளர்ந்து, யாரும் மெஷின் இறக்கலாம், யாரும் கம்பெனி தொடங்கலாம் என்று ஆன வருடங்கள் அவை. ஊர்ப் பையன்கள் எல்லாம் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வளைகுடாவுக்குப் பறந்தபோது, இவன் அங்கிருந்து இங்கே வந்து இறங்கினான். பட்டுக்கோட்டைச் சாலையில் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்து, அதற்குள் குழாய் வார்க்கும் மெஷினை வைத்தான். அந்தச் சமயத்தில்தான் ஜஸீலாவைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் வீட்டுக்கு வந்தான்.

மாமனார் ஜெக்கரியா துபாயில் கடை வைத்திருந்து திரும்பியவர். கடலோர ஊர் என்பதால் தெருவில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். ஊருக்கு வெளியே ஜெக்கரியாவின் தென்னந்தோப்புக் கிணற்றில் மட்டும் கற்கண்டுத் தண்ணீர். "மொதக் குழாய் நம்ம வீட்டுக்குத்தான் போடணும் மாப்புள. வாசல்லயும் ஒண்ணு வச்சுருவோம், தெருச் சனமும் குடிக்கட்டும்" என்றார். கத்திரி வெயிலில் கொட்டகையிலிருந்து குழாய்ச் சுருளை எடுத்துக்கொண்டு போய், தோப்பிலிருந்து வீட்டு மொட்டைமாடித் தொட்டிவரை மண்ணுக்குள் பதித்தான். தொட்டியில் தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டதும் தெருவே கூடிவிட்டது. பள்ளிவாசல் ஹஸரத் துஆ ஓதினார். வாசல் குழாய்க்கு அன்றைக்கே மாப்பிள்ளைக் குழாய் என்று பெயர் விழுந்தது. ஷஹ்பாஸுக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் குளியலறைக் குழாயைத் திருகி, தண்ணீர் விழுகிற அழகை ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் குளிப்பான். வாசல் குழாயில் மட்டும் ஒரு பூட்டு தொங்கியது. பெண்கள் தண்ணீரை வீணாக்குகிறார்கள், அதனால் நீங்கள் கொட்டகைக்குப் போனபிறகு கொஞ்ச நேரம்தான் திறந்துவிடுகிறோம் என்றார் ஜெக்கரியா. நல்ல ஏற்பாடு என்று ஷஹ்பாஸ் பாராட்டினான்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து நாகநாதன் வந்தது அந்த நாட்களில்தான். ஜெக்கரியாவுக்குப் பழக்கமானவர், நிலம் வைத்திருக்கிற விவசாயி. அவர் வயலில் போட்ட போர் உப்பாகிவிட்டது. மேட்டூரை நேரத்துக்குத் திறப்பார்கள் என்ற நம்பிக்கை அந்த வருடம் யாருக்கும் இல்லை. கொஞ்சம் தள்ளி அவர் மைத்துனரின் போரில் நல்ல தண்ணீர் இருந்தது. அதைக் குழாயில் கொண்டுவந்து நாற்றங்காலை எழுப்பிவிட்டால் குறுவையைப் பிடித்துவிடலாம்.

"எம் மவன் பிரபு சிங்கப்பூர்ல இருக்கான் தம்பி. நெலத்தக் குத்தகைக்கு விட்டுட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்கன்னு ஒரே பிடிவாதம். இந்தக் குறுவையும் போச்சுன்னா வர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன்" என்றார் நாகநாதன். "அங்க போயி பத்தாவது மாடியில ஒக்காந்துக்கிட்டு நான் எதப் பாக்குறது? அதான் ஒங்ககிட்ட வந்துருக்கேன். பிவிசி பைப்பெல்லாம் வெயில்ல வாயப் பொளந்துருது. ஒங்க பைப்பு மட்டும் என்ன வரமா வாங்கிட்டு வந்துச்சு?"

"ஐயா, மரக்கால்ல நெல்லக் கொட்டுறீங்க, கும்பலா நிக்குது. குலுக்குனா?"

"எறங்கும். இண்டு இடுக்கெல்லாம் அடங்கும்ல."

"அதேதான். இந்தப் பிளாஸ்டிக்கும் மொதல்ல கொட்டுன நெல்லுதான். உள்ளுக்குள்ள அடங்குனாத்தான் கெட்டி. மத்தவங்க அது அடங்குறதுக்கு வாரக்கணக்கா காத்துக் கெடப்பாங்க. நான் ஒரு மத்தியானத்துல அடக்கிருவேன்."

நாகநாதனுக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் அடுத்த கேள்வியையும் கேட்டார். "முழுசா அடங்கிருச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

"அதுக்குத்தானே ஐயா டாக்டர் பட்டமே குடுத்துருக்காங்க" என்று சொல்லி ஷஹ்பாஸ் சிரித்தான். ஜெக்கரியாவும் கூடவே சிரித்தார், கொஞ்சம் அதிகமாகவே.

முற்றத்துக் குழாயைத் திறந்து காட்டினான். நாகநாதன் இரண்டு செம்பு குடித்தார், முகம் கழுவினார், பிறகு வேகத்தைப் பார்ப்பதற்காகக் குழாயை முழுசாகத் திறந்து காலை நீட்டிக்கொண்டு நின்றார். முற்றம் நனைந்து சாக்கடையில் தண்ணீர் ஓடியது. உள்கதவுக்குப் பின்னால் வளையல்கள் குலுங்கின. ஜஸீலா எட்டிப் பார்த்து, "போதும்ல, வீணாப் போவுது" என்று மெல்லச் சொன்னாள். விருந்தாளி முன்னால் என்ன கஞ்சத்தனம் என்று ஷஹ்பாஸ் அவளை முறைத்தான். நாகநாதன் ஈரக்காலோடு வந்து, "கண்ணால பாத்ததுக்கு அப்பறம் என்ன பேச்சு, அனுப்பி வைங்க" என்றார்.

குழாய்ச் சுருள்கள் டிராக்டரில் ஏறித் திருத்துறைப்பூண்டிக்குப் போன மறுநாள், மத்தியானம் கரண்ட் போய்விட்டது. கொட்டகையில் வேலை நின்றது. சாதாரணமாக அவன் அங்கேயே கிடப்பான். அன்றைக்கு வெக்கை தாங்காமல் வீட்டுக்கு வந்தான். வாசல் சாத்தியிருந்தது. கொல்லைப்புறமாகச் சுற்றிப் போனான்.

கொல்லையில் ஒரு தண்ணீர் வண்டி நின்றது. வண்டிக்காரன் குடங்களை இறக்கிக்கொண்டிருந்தான். மைத்துனி ஹஃப்ஸா அவற்றை வாங்கி ஜஸீலாவிடம் கொடுத்தாள். ஜஸீலா மாடி ஏணியின் பாதிவரை ஏறி மேலே நீட்டினாள். மேல்படியில் நின்று அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு நடந்தது அவன் மாமியார், கமருன்னிஸா. முழங்கால் வலியால் நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறவர் என்று ஜஸீலா சொல்லியிருக்கிறாள்.

அவனை முதலில் பார்த்தது கமருன்னிஸாதான். குடத்தை அப்படியே வைத்துவிட்டு முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் மறைந்தார்.

"என்ன இது?" என்றான் ஷஹ்பாஸ். வண்டிக்காரன் வண்டியைத் தள்ளிக்கொண்டு நழுவினான். "தொட்டியில தண்ணி இல்லையா? மோட்டார் போடலயா? யாரு ஏத்தச் சொன்னா?" கேள்விக்கு மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே நின்றான். ஹஃப்ஸா தலையைக் குனிந்துகொண்டாள். ஜஸீலா மாடியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி மாடியைப் பார்த்தாள். அவன் இன்னும் ஏதோ கேட்டான்.

"அல்லாவுக்காக உள்ள போங்களேன்" என்று ஜஸீலா வெடித்தாள். "நீங்க இங்க நின்னா உம்மா எப்படி எறங்குவாங்க? தரை கொதிக்குது. செருப்புகூடப் போடல."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கத்திரி வெயிலில், மொட்டைமாடிச் சுண்ணாம்புத் தரையில், வெறுங்காலோடு, அவன் போகட்டும் என்று ஒரு கிழவி காத்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவு நேரமும் அவன் விசாரணை நடத்திக்கொண்டிருந்தான். விழுந்தடித்து உள்ளே போனான். அறையில் உட்கார்ந்துகொண்டு, ஏணிப் படிகளில் அவர் ஒவ்வொரு காலாக ஊன்றி இறங்குகிற சத்தத்தைக் கேட்டான்.

ஜஸீலா வந்து சுவரோரம் நின்றாள். "போட்ட மறுநாளே நின்னு போச்சு" என்றாள். "மோட்டார் ஓடுது, தண்ணி வந்து சேரல. வழியில எங்கயோ போயிருது."

"அன்னையிலேர்ந்து?"

"அன்னையிலேர்ந்து நீங்க கொட்டாய்க்குப் போனதும் வண்டித் தண்ணி வாங்கி ஏத்துறோம். பக்கத்து வீட்டுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "போன நோன்புல வாப்பா ஒரு வார்த்த சொன்னாங்க. கொட்டாய் மெஷின் சத்தம் பள்ளிவாசல் வரைக்கும் கேக்குதாம்னு, அவ்வளவுதான். நீங்க பொட்டிய எடுத்துக்கிட்டு உங்க உம்மா வீட்டுக்குப் போயிட்டீங்க. பெருநாளைக்குத்தான் வந்தீங்க. மூத்த மாப்புள கோவிச்சுக்கிட்டுப் போன வீடுன்னு பேரானா ஹஃப்ஸாவ யாரு கேட்டு வருவா? அன்னக்கே உம்மா சொல்லிட்டாங்க, இனிமே மாப்புளகிட்ட யாரும் எதுவும் சொல்லக்கூடாதுன்னு."

தன் தாயாருக்குக் காய்ச்சல் என்றுதான் அப்போது போனதாக ஷஹ்பாஸ் இதுநாள்வரை நினைத்துக்கொண்டிருந்தான். காய்ச்சல் இருந்தது உண்மைதான். அது பெட்டியை எடுத்துக்கொண்டு போகிற அளவு காய்ச்சல் இல்லை.

பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோப்புப் பாதையில் போனான். மண் கசிந்து சேறாகியிருந்த இடத்தில் தோண்டினான். குழாயும் குழாயும் சேருமிடத்தில் ஒரு முனை இணைப்பிலிருந்து சாண் அளவுக்கு உருவிக்கொண்டு வெளியே கிடந்தது. அடுத்த இணைப்பிலும் அதே கதை. குழாயை அழுத்திப் பார்த்தான். நன்றாகக் கெட்டிப்பட்டிருந்தது. அடங்கவேண்டிய படிகம் அடங்கியிருக்கிறது, அடங்கியதால் குழாய் சுருங்கியிருக்கிறது. அது கொட்டகையிலேயே நடந்து முடிந்திருக்கவேண்டும். முடியாமல், மண்ணுக்குள் பதித்த பிறகு நடந்திருக்கிறது.

ஏன் என்று யாரும் அவனுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. சேற்றில் குந்தியிருந்தபோதே தெரிந்துவிட்டது. இந்த நிலைமாற்றம் குளிர்ச்சியான அறையில்தான் வேகமாக நடக்கும். சூடு ஏற ஏற மந்தமாகும். ஹைதராபாத்தில் ஏசி அறையில் நடந்தது, ஒரு மத்தியானத்தில் முடிந்தது. இங்கே தகரக் கொட்டகையில், கத்திரியில், அவன் அழுத்தத் தொட்டித் தண்ணீர் குளிக்கிற பதத்துக்குச் சுட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் படிகம் மாறாமல் தூங்கியது. ஈரமண்ணின் குளிர்ச்சி பட்டதும் விழித்துக்கொண்டது. சூட்டுக்கும் வேகத்துக்கும் உள்ள இந்தக் கணக்கைக் கோட்டுப்படமாகப் போட்டு, பட்டத்துக்கான ஆய்வேட்டில் சேர்த்ததே அவன்தான். ஒரு துண்டுக் குழாயை வெட்டிச் சோதித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நிரூபித்து முடித்த விஷயத்தை எதற்குச் சோதிப்பது என்று இருந்துவிட்டான்.

திரும்பி வரும்போது தெருவில் இரண்டு பெரியவர்கள் வழக்கம்போல் ஸலாம் சொன்னார்கள். "தண்ணியெல்லாம் நல்லா வருதா மாப்புள?" என்று ஒருவர் அன்பாகக் கேட்டார். கேலி செய்திருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். இத்தனை நாளும் தெரு முழுக்கச் சேர்ந்து, ஒரு குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது ஷஹ்பாஸுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்புறம்தான் நாகநாதன் ஞாபகம் வந்தது.

ஓட்டமும் நடையுமாக எஸ்.டி.டி. பூத்துக்குப் போனான். மகன் சிங்கப்பூரிலிருந்து பேசுவதற்காகவே நாகநாதன் வீட்டில் போன் வாங்கியிருந்தார்கள். அவர் மனைவி மங்களாம்பிகை எடுத்தார். "அவங்க வயல்ல நிக்கிறாங்க தம்பி. வாய்க்கா வெட்டியாச்சு, நாளைக்குக் காலையில பைப்பு எறக்குறோம். இப்ப வந்து சாயங்காலம் வெதைய ஊறப் போடணும். என்ன சொல்லணும்?"

சொல்வதற்கு ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அந்தக் குழாய் இன்னும் தயாராகவில்லை, என் வீட்டில் நீங்கள் பார்த்தது பொய், விதையில் கை வைக்காதீர்கள். ஷஹ்பாஸ் வாயைத் திறந்தான். பூத்துக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லீங்கம்மா" என்றான். "ஒரு சாமான் பம்பாயிலேர்ந்து வரணும். அது வர்ற வரைக்கும் பைப்ப எறக்க வேணாம்னு சொல்லுங்க." வாய் கூசாமல் சொன்னான். போனை வைத்த பிறகுதான் கூசியது.

ஆனாலும் ஒரு சின்ன நிம்மதி. குழாய்களைக் குளிர்ந்த இடத்தில் கொஞ்ச நாள் போட்டு வைத்தால் தானாகவே அடங்கிவிடும், பிறகு பதித்துக்கொள்ளலாம், யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம். பம்பாய் சாமான் அதுவரை வராமலே இருக்கட்டும். ராத்திரி படுக்கப் போகிறவரை இந்த நினைப்பு அவனைத் தாங்கியது. விதையை ஊறப்போட வேண்டாம் என்று சொல்லவில்லையே என்பது படுத்த பிறகுதான் மண்டையில் ஏறியது. இனிமேல் யாரும் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றக்கூடாது என்று ஜஸீலாவிடம் கண்டிப்பாகச் சொன்னான். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

காலையில் குளிக்காமல், குழாயைத் தொடாமல், முதல் பஸ்ஸில் ஏறினான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது பாதிக் குழாய் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டிருந்தது. உழுது பரம்படித்த நாற்றங்கால் வாய் பிளந்து கிடந்தது. வரப்பு ஓரத்துப் பூவரச நிழலில், ஊறவைத்து வடித்த விதைச் சாக்குகள் ஈரச் சணலால் மூடியிருந்தன. நாகநாதன் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஆட்களோடு நின்றார்.

"எறக்க வேணாம்னு சொன்னேனே ஐயா" என்றான் ஷஹ்பாஸ், மூச்சு வாங்க.

"எம் பொஞ்சாதி சொன்னா. பம்பாய்லேர்ந்து ஏதோ சாமான் வரணுமாம்ல? ஒங்க வீட்டுல அது இல்லாமதானே கொட்டுச்சு? வந்தா அப்பறம் மாட்டிக்கலாம் தம்பி, வெத காத்துக்கிட்டு இருக்குமா?"

"இல்லீங்கய்யா, இந்தப் பைப்பு இன்னும்... இந்த வெயிலுக்கு..."

"கண்ணால பாத்தேன் தம்பி. நீங்க பயப்படாதீங்க." அவன் தோளில் தட்டிக் கொடுத்தார் நாகநாதன்.

அவன் அறிவியலையெல்லாம் சொல்லி முடித்தாலும் இந்த மனிதர் நம்பப்போவதில்லை. குழாயில் தண்ணீர் கொட்டியதை அவர் பார்த்திருக்கிறார். அதை உடைக்காமல் எதையும் நிறுத்த முடியாது. ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க பாத்தது பைப்புல வந்த தண்ணி இல்லீங்கய்யா" என்றான். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னான். "பைப்பு மறுநாளே விட்டுப்போச்சு. நீங்க பாத்தது, எங்க மாமி கொடத்துல தூக்கிக்கிட்டுப் போயி மாடியில ஏத்துன தண்ணி."

மண்வெட்டிகள் நின்றன. நாகநாதனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் பார்வை தன் கால்களுக்குப் போனது.

"நான் காலக் கழுவுனேனே தம்பி" என்றார். "வயசானவங்க தூக்குன தண்ணியிலயா?"

ஷஹ்பாஸ் தலையை மட்டும் ஆட்டினான்.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து மத்தியானம்."

"போன் பண்ணும்போது தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் பம்பாய்ன்னீங்க." நாகநாதனின் முகம் சுண்டிப்போனது. சத்தம் போடவில்லை. "நேத்து உண்மையச் சொல்லியிருந்தா வெதைய மூட்டையோட வச்சுருப்பேன். இப்ப ஊற வச்சு மொளகட்டப் போட்டாச்சு. இத இனிமே வெதையாவும் வச்சுக்க முடியாது, குத்தி அரிசியாவும் ஆக்க முடியாது. ஒரு ராத்திரி தம்பி. அந்த ஒரு ராத்திரி ஒங்க மானத்தக் காப்பாத்திக்கிட்டீங்க."

அதற்கு மேல் அவர் அவனிடம் பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு மைத்துனர் வீட்டை நோக்கி நடந்தார். போரடியில் ஒரு மூலை நிலம் கேட்டு நாற்றுவிட வேண்டும். தண்ணீரை மட்டும் என்றால் எடுத்துக்கொள் என்று மைத்துனரே முன்பு சொல்லியிருந்தார். நிலம் என்று கேட்டுப் போவது வேறு. பாகப் பிரச்சினையில் முறிந்த உறவு அது, அந்த வாசலை நாகநாதன் மிதித்து வருடங்கள் ஆகிவிட்டன என்று ஆட்களில் ஒருவர் சொன்னார். ஷஹ்பாஸ் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினான். ஆட்களோடு சேர்ந்து குழாயை மேலே இழுத்துப் போட்டான். யாரும் வேண்டாம் என்று சொல்லவுமில்லை, ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவுமில்லை.

உச்சிவெயிலில் நாகநாதன் திரும்பி வந்தார். "மூட்டையத் தூக்குங்கடா" என்று ஆட்களிடம் சொன்னார். மைத்துனர் இடம் கொடுத்துவிட்டார் என்று அதிலிருந்து தெரிந்தது. எப்படிக் கேட்டார், என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. ஷஹ்பாஸ் கேட்கிற இடத்தில் இல்லை. தலையில் சாக்குகளோடு ஆட்கள் வரப்பில் வரிசையாகப் போனார்கள். கடைசியாகப் போன நாகநாதன் நின்று திரும்பினார்.

"ஒங்க மாமிகிட்ட, நான் தெரியாம செஞ்சுட்டேன்னு சொல்லுங்க" என்றார்.

மன்னிப்புக் கேட்கவேண்டியவன் நின்றுகொண்டிருக்க, கேட்கவேண்டாதவர் கேட்டுவிட்டுப் போனார். பஸ்ஸில் வரும்போது ஷஹ்பாஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். கடைமடை முழுக்கப் பொட்டல் காடாகக் கிடந்தது.

வீட்டு வாசலில் ஜெக்கரியா நின்றிருந்தார். மாப்பிள்ளை பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாரா இல்லையா என்று காலையிலிருந்து அவருக்குத் தவிப்பு. பெட்டி அறையில்தான் இருந்தது என்றாலும் ஆளைப் பார்த்தபிறகுதான் அவர் முகம் தெளிந்தது. "வாங்க மாப்புள, வாங்க" என்றார், அவன்தான் அவருக்கு உபகாரம் செய்துவிட்டதுபோல.

முழங்கால்வரை சேறு காய்ந்திருந்த காலோடு ஷஹ்பாஸ் முற்றத்தில் போய் நின்றான். உள்கதவு ஒருக்களித்திருந்தது. பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது.

"ஜஸீலா, உங்க உம்மாகிட்ட..." என்று ஆரம்பித்தான். இதை இன்னொருத்தி வாய் வழியாகச் சொல்லக்கூடாது என்று தோன்றியது. கதவைப் பார்த்தே பேசினான். "மாமி, நாகநாதன் ஐயாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். தெருவுலயும் நானே சொல்லிருறேன். நான் எங்கயும் போயிர மாட்டேன். கோவிச்சுக்கவும் மாட்டேன். என்னைய மாப் பண்ணிருங்க."

மாப்பிள்ளை தன்னிடம் நேராகப் பேசியதில் அந்த அம்மாள் திகைத்துப்போயிருக்கவேண்டும். கொஞ்சம் பதறிய குரலில், வழக்கம்போல் மகளிடம்தான் பேசினார்.

"ஜஸீலா, மாப்புள சேறும் சகதியுமா வந்துருக்காங்க பாரு. மொதல்ல குளிக்கச் சொல்லு. தொட்டி ரொம்பி இருக்கு."

ஷஹ்பாஸ் ஜஸீலாவைப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அவளுடைய முந்தானை நுனியும் ஹஃப்ஸாவின் கைகளும் இன்னும் ஈரமாக இருந்தன. குளித்தால் எப்படிக் குளிப்பது என்று தெரியவில்லை. குளிக்காமல் போனால், தரைச் சூட்டில் கொப்புளம் போட்ட காலோடு மறுபடியும் ஏணி ஏறினவர் மனசு என்ன பாடுபடும் என்றும் தெரியவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். குழாயைத் திறந்தான். தண்ணீர் நன்றாகவே வந்தது.